நம்ம கோச்சியில் நமக்கும் ஒரு படுக்கை

(பெரகல சந்திக்கு அருகே நடந்த தோட்டக் கிளைகளின் குடும்பக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான நம் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சங்கக் கூட்டம் என்றால் என்ன பேசுவோம் என்று உங்களுக்குத் தெரியும். சம்பளம் பேசுவோம். கொழுந்து குறைந்தது என்று அரைப் பேர் போட்டதைப் பேசுவோம். சேவைக்காலப் பணம் வராமல் இழுபடுவதைப் பேசுவோம். லயத்துக் கூரையைப் பேசுவோம். இதெல்லாம் இன்றைக்கும் தீரவில்லை, அடுத்த கூட்டத்திலும் பேசத்தான் போகிறோம். இன்றைக்கு மட்டும் ஒரு கோச்சிப் பயணத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு நேரம் தந்திருக்கிறார்கள்.

நம்முடைய மூன்று கிளைகளின் மாதர் கமிட்டி ஒன்றரை வருடமாகக் கிழமைக்கு நூறு ரூபா வீதம் சீட்டுப் பிடித்து வந்தது. அந்தக் காசில் 34 பேர் ஹப்புத்தளையில் இரவு மெயில் ஏறிக் கொழும்புக்குப் போய், கடலையும் துறைமுகத்தையும் பார்த்து, ஓர் இரவு தங்கி, பகல் கோச்சியில் திரும்பி வருவதென்று முடிவாகியிருக்கிறது. 34 பேரில் 32 பேருக்கு மூன்றாம் வகுப்பு ஆசனம். இரண்டு பேருக்கு மட்டும் முதலாம் வகுப்பில் படுக்கை.

இந்த முடிவைப் பற்றி லயங்களில் நிறையப் பேச்சு நடக்கிறது. "கூரை ஒழுகுது, இவங்களுக்குக் கோச்சியில படுக்கை கேக்குதா?" என்று ஒரு பேச்சு. "சங்கம் ஊர் சுற்றிக் காட்டவா இருக்கு?" என்று இன்னொரு பேச்சு. "சந்தாக் காசிலதான் போறாங்க" என்று மூன்றாவது பேச்சு. மூன்றாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம். சந்தாவில் ஒரு சதமும் தொடவில்லை. சீட்டுக் கொப்பி மாதர் தலைவியிடம் இருக்கிறது, யாரும் வாங்கிப் பார்க்கலாம். மற்ற இரண்டு கேள்விகளும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு இந்தப் பாதையின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

பாதை வந்த கதை

பெரகல சந்தியில் நின்றால் எல்லா வாகனமும் நம்மைத் தாண்டித்தான் போக வேண்டும். கொழும்பிலிருந்து பலாங்கொடை வழியாக வரும் ரோட்டும், வெல்லவாய, கொஸ்லந்தைப் பக்கமிருந்து ஏறும் ரோட்டும் இங்கே சேர்ந்து ஹப்புத்தளைக்கு ஏறுகின்றன. இன்றைக்குத் தேயிலை லொறியில் இறங்கிப் போகிறது. நூறு வருடத்திற்கு முன் அது கோச்சியில் போனது. அதற்கும் முன்னால் கோப்பி மாட்டு வண்டியில் போனது. மலையிலிருந்து கொழும்புக்கு வண்டி போய்ச் சேரக் கிழமைக்கணக்கில் ஆகும். மழைக்காலத்தில் சேற்றில் வண்டி புதையும், மாடு சாகும், கோப்பி நனைந்து கெட்டுப்போகும். இந்த நட்டத்தைத் தாங்க முடியாமல்தான் தோட்டக்காரர்கள் ரயில் பாதை வேண்டுமென்று அரசாங்கத்தை நெருக்கினார்கள்.

1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் கோச்சி ஓடியது. 1867இல் பாதை கண்டியை அடைந்தது. 1874இல் நாவலப்பிட்டி. 1885இல் நானுஓயா. 1894இல் நம் ஹப்புத்தளையையும் தாண்டிப் பண்டாரவளை. அங்கிருந்து பதுளைக்குப் போய்ச் சேர இன்னும் முப்பது வருடம் எடுத்தது. 1924ஆம் ஆண்டுதான் பதுளைக்குக் கோச்சி வந்தது. இடையில் கோப்பிச் செடியில் நோய் விழுந்து அந்தப் பயிரே அழிந்து, மலையெல்லாம் தேயிலையாக மாறிவிட்டது. 1890இல் தாமஸ் லிப்டன் என்ற வெள்ளைக்காரர் ஹப்புத்தளைக்கு அந்தப் பக்கம் தம்பேத்தன்னையில் தோட்டம் வாங்கியதும் பாதை இங்கே நெருங்கிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான்.

பிள்ளைகளே, இந்த வருடங்களைப் பரீட்சைக்காக மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு வருடமும் எதை ஏற்றப் பாதை நீண்டது என்று கேளுங்கள். கோப்பி மூட்டைக்காக நீண்டது, பிறகு தேயிலைப் பெட்டிக்காக நீண்டது. அந்தப் பாதைக்கு மலையைக் குடைந்தவர்கள் யார் என்றும் கேளுங்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களும், இந்த நாட்டுச் சிங்களத் தொழிலாளர்களும் மண் சுமந்து, கல் உடைத்து, சுரங்கம் தோண்டிப் போட்ட பாதை அது. எத்தனை பேர் காய்ச்சலிலும் பாறை சரிந்தும் அந்தப் பாதையோரத்தில் செத்தார்கள் என்பதற்கு ஸ்டேசன்களில் ஒரு பலகையும் இல்லை.

நடந்து வந்தவர்கள்

பாதை வருவதற்கு முன்பே நம் ஆட்கள் மலைக்கு வந்துவிட்டார்கள். 1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் முதல் பெரிய கோப்பித் தோட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் நம் முன்னோர் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். தண்ணீர் இல்லாமல், வாந்திபேதியில், பசியில் வழியிலேயே விழுந்தவர்களின் கணக்கு நம்மிடம் முழுதாக இல்லை. 2023இல், இருநூறு வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர்கள் மறுபடி நடந்தார்கள். சிங்கள, முஸ்லிம் நண்பர்களும் சேர்ந்து நடந்தார்கள். அதைப் படமாகத் தொலைபேசியில் பார்த்திருப்பீர்கள்.

1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. அந்தப் பக்கம் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வரை ரயில் ஓடியது. நடுவில் கடலைக் கப்பல் கடந்தது. சென்னையில் காசுள்ளவர் ஒரே டிக்கெட் எடுத்து, ரயிலும் கப்பலும் மறுபடி ரயிலுமாகக் கொழும்பில் வந்து இறங்கலாம். போட் மெயில் என்று அதற்குப் பெயர். நம் பாட்டன் பாட்டிமாரும் அதே தண்டவாளத்தில்தான் வந்தார்கள். அவர்கள் மண்டபம் முகாமில் மருந்தடிக்கப்பட்டு, உடம்பு சோதிக்கப்பட்டு, எந்தத் தோட்டத்துக்குப் போகும் ஆள் என்று அடையாளம் குறிக்கப்பட்டு, கங்காணி பின்னால் ஏற்றப்பட்டார்கள். வந்த செலவு அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டது.

வகுப்பு மூன்று

நம் கோச்சியில் மூன்று வகுப்பு உண்டு. பெட்டியின் வெளியே பெரிதாக எண் போட்டிருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் எண்ணைப் பார்த்து ஏறிக்கொள்ளலாம். நம் கண் எப்போதும் மூன்றைத்தான் தேடும்.

இரவு மெயில் என்று ஏன் பெயர் வந்தது தெரியுமா? தபால் மூட்டை ஏற்றிப் போன கோச்சி அது. மாலையில் பதுளையில் புறப்பட்டு, இருட்டின பிறகு ஹப்புத்தளைக்கு வந்து, விடியும் நேரம் கொழும்பு கோட்டையைச் சேரும். பதுளையிலிருந்து கொழும்புக்கு சுமார் 290 கிலோமீற்றர். சுமார் பத்து மணித்தியாலம் எடுக்கும். இந்தக் கோச்சியின் முதலாம் வகுப்பில்தான் படுக்கை இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரு சின்ன அறை. கீழே ஒரு படுக்கை, மேலே ஒரு படுக்கை, கதவைச் சாத்தி உள்ளே கொளுவி போட்டுக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்பில் சாய்ந்துகொள்ளும் ஆசனம். மூன்றாம் வகுப்பில் நேராக உட்கார வேண்டும், ஆசனம் கிடைத்தால்.

மூன்றாம் வகுப்பு இரவு நமக்குப் புதிதில்லை. கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கு எப்படி வருகிறார்கள்? நடைபாதையில் பேப்பர் விரித்து, பைக்குமேல் தலை வைத்து, கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து வருகிறார்கள். மறுநாள் லயத்துக்கு வந்ததும் தங்கச்சிக்கு வாங்கிய சட்டையைத்தான் காட்டுவார்கள், ராத்திரி பட்ட பாட்டைச் சொல்லமாட்டார்கள். லீவு முடிந்து திரும்பும்போதும் அதே கதைதான்.

பெட்டி எண்ணைப் போலவே இன்னொன்றையும் நாம் கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, மாலை கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து மறுபடி அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்கு ஓய்வு என்று ஒன்று தேவை என்பதே நமக்கு மறந்துபோகிறது. எட்டு மணித்தியால வேலை, எட்டு மணித்தியால ஓய்வு, மிச்ச எட்டு மணித்தியாலம் நமக்கென்று கேட்டுத்தான் மே தினமே பிறந்தது. அந்தக் கோரிக்கையில் ஊர் பார்ப்பதும், உறங்குவதும், பிள்ளையோடு சும்மா இருப்பதும் அடங்கும். ஆகவே "சங்கம் ஊர் சுற்றிக் காட்டவா இருக்கு?" என்று கேட்டால், அதற்கும்தான் இருக்கிறது என்பது எங்கள் பதில்.

ஒப்பாரிக் கோச்சி

இனி நாங்கள் சொல்லப்போவது இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்.

1948இல் நாடு சுதந்திரம் அடைந்தது. அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் ஓட்டும் போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரிக்கப்பட்டவர்கள் எதில் போனார்கள்? இந்தக் கோச்சியில்தான். பதுளைப் பாதையில் ஏறி, பொல்கஹவெலச் சந்தியில் வடக்குப் பக்கம் திரும்பி, மாஹோ, அனுராதபுரம், மதவாச்சி தாண்டித் தலைமன்னார். அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். பிறகு மண்டபம் முகாம். அதற்குப் பிறகு நீலகிரி, கூடலூர் என்று எங்கே அனுப்பினார்களோ அங்கே. 1984இல் கப்பல் நின்றுபோகும் வரை இது நடந்தது.

ஸ்டேசனில் ஒரு பக்கம் போகிறவர்கள், மறு பக்கம் நிற்கிறவர்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்தியப் பாஸ்போட், இன்னொருவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. கோச்சி ஊதினால் இழவு வீட்டில் அழுவதுபோல் பிளாட்போம் முழுக்க அழுகை எழும்பும். அதனால்தான் நம் மக்கள் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். எந்தப் புகையிரத நேரசூசியிலும் அந்தப் பெயர் இல்லை.

இருந்துவிட்டவர்களுக்கும் லேசில் விடிவு வரவில்லை. 1988இல் ஒரு சட்டம், 2003இல் ஒரு சட்டம் என்று வந்துதான் நாடற்றவர் பிரச்சினை சட்டத்தில் முடிவுக்கு வந்தது. இன்றைக்கு இரவு மெயிலில் ஆசனம் பதிவு செய்யப் போனால் அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள். இளைஞர்களுக்கு அது ஒரு சின்ன விசயம். பிரஜாவுரிமை இல்லாததால் அந்த அட்டையே இல்லாமல் பாதி ஆயுளைக் கழித்தவர்கள் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

படுக்கை யாருக்கு?

முதலில் யோசனை வந்தபோது, படுக்கை இரண்டையும் கூட வரும் தலைவர்களுக்குக் கொடுப்பதுதான் மரியாதை என்று சிலர் சொன்னார்கள். தலைவர்களே அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அதற்கு நன்றி. பிறகு திருவுளச்சீட்டு போடலாம் என்றார்கள். கடைசியில் மாதர் கமிட்டி ஒரு கணக்கு எடுத்தது. போகிற 34 பேரில் அதிக வருடம் கொழுந்து எடுத்தவர்கள் யார்? இரண்டு அம்மாமார் வந்தார்கள். இருவருமே நாற்பது வருடத்துக்கு மேல் மலையில் நின்றவர்கள். படுக்கை அவர்களுக்கு.

அவர்கள் உடனே சம்மதிக்கவில்லை. ஒரு அம்மா, "படுத்துக்கிட்டே கொழும்புக்குப் போனா நோயாளின்னு நினைக்கமாட்டாங்களா?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. மற்ற அம்மா சிரிக்கவில்லை. அவர் ஒன்றே ஒன்றைக் கேட்டார். "பொல்கஹவெல வந்ததும் என்னை எழுப்பிவிடுவீங்களா?"

ஏன் என்று கேட்டோம். அவருக்குப் பதினாலு வயதிருக்கும்போது அவருடைய அக்கா குடும்பம் ஹப்புத்தளையில் ஒப்பாரிக் கோச்சி ஏறியது. அக்காவைக் கட்டியவர் பக்கம் இந்தியப் பாஸ்போட், இவர்கள் அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. சில வருடம் கூடலூரிலிருந்து கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அன்றைக்குத் தலைவர் ஒருவர் சொன்னாராம், "பொல்கஹவெலயில கோச்சி வேற பக்கம் திரும்பிடும், அதுவரைக்கும் நம்ம ரோட்டுலதான் போகும்" என்று. ஐம்பது வருடத்துக்கு மேலாக அந்த ஊர்ப் பெயர் மட்டும் அவர் மனதில் இருக்கிறது. ஊரைப் பார்த்ததில்லை. நடுச்சாமம் கழிந்து அந்த ஸ்டேசனில் என்ன தெரியப்போகிறது என்று கேட்டோம். "ரோட்டு பிரியுறது தெரியுமில்ல" என்றார்.

எழுப்பிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறோம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் முழித்திருந்து அந்த வேலையைப் பார்ப்பார்கள்.

இனி "கூரை ஒழுகுது, படுக்கை கேக்குதா?" என்ற கேள்விக்கு வருவோம். கூரைக்கான போராட்டம் நிற்கப்போவதில்லை. வீட்டுக்கும் காணி உறுதிக்கும் கேட்டுக்கொண்டேதான் இருப்போம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயத்தோடு மக்களை மூடியதை இந்த ஊர் மறக்காது. பாதுகாப்பான இடத்தில் வீடு என்பது நமக்கு உயிர்ப் பிரச்சினை. ஆனால் கூரை சரியாகும்வரை வேறு எதற்கும் ஆசைப்படக் கூடாது என்று யார் சொன்னது? நாற்பது வருடம் உழைத்தவர் ஓர் இரவு கால் நீட்டிப் படுத்துப் போனால் கூரைக்கான கோரிக்கையின் பலம் குறையாது. நமக்கு என்னென்ன உரிமை என்று நாமே தெரிந்துகொண்டால் கேட்கிற குரலும் கூடும்.

படம் பிடிக்கிறவர்களும் நாமும்

பகல் கோச்சியில் இப்போது பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். நானுஓயாவிலிருந்து எல்ல வரைக்குமான பாதை உலகத்திலேயே அழகான ரயில் பாதைகளில் ஒன்று என்று சொல்லி வருகிறார்கள். வரட்டும். நாட்டுக்கு வருமானம், டவுனில் நம் பிள்ளைகளுக்கு வேலை. ஆனால் நாம் சிலதைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, டிக்கெட். எல்லப் பக்கம் போகும் கோச்சிகளின் ஆசனங்கள் இணையத்தில் சில நிமிடங்களில் முடிந்து, பிறகு பல மடங்கு விலைக்குக் கை மாறியது செய்திகளில் வந்ததைப் படித்திருப்பீர்கள். அப்படி வாங்கி விற்பவர்களால் முதலில் அடிபடுகிறவர் ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் கோச்சியில் போக வேண்டிய இந்த மலைநாட்டு ஆள்தான். உள்ளூர்ப் பயணிக்கு ஒதுக்கீடு வேண்டும், மூன்றாம் வகுப்புப் பெட்டி கூட வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். புகையிரதத் தொழிலாளர் சங்கங்களோடும் இதைப் பேச வேண்டும். தண்டவாளத்தைச் செப்பனிட்டு, மண் சரிந்தால் மழையில் நின்று அள்ளுகிற அவர்களும் நம்மைப் போன்ற உழைப்பாளிகள்தான்.

இரண்டாவது, படம். கூடையோடு நிற்கும் நம் பெண்களை ஜன்னலிலிருந்து படம் பிடிக்கிறார்கள். நம்மைக் கேட்டுவிட்டுப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள், கேட்காமல் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். விருப்பமில்லாவிட்டால் கை அசைத்து வேண்டாம் என்று சொல்லலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பிள்ளைகள் கோச்சிக்குப் பின்னால் ஓடி இனிப்பும் பேனாவும் கேட்கிற பழக்கம் வேண்டாம். பேனா இல்லாத பிள்ளை எங்களிடம் வரட்டும்.

மூன்றாவது, உயிர். மிதிபலகையில் தொங்கிப் படம் பிடித்து விழுந்தவர்களைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறோம். சுரங்கத்தில் பாறைக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு தலை வைக்க இடமில்லை. நம் 34 பேரில் ஒருவரும் வாசலில் நிற்கக் கூடாது, பையன்களே, இது உங்களுக்கு. கோச்சி ரோட்டில் நடந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் சொல்கிறோம். பனியில் கோச்சி வரும் சத்தம் கடைசி நேரத்தில்தான் கேட்கும். காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு தண்டவாளத்தில் நடக்காதீர்கள்.

திரும்பி வரும்போது என்ன பார்ப்போம்

போகும்போது இரவு, ஒன்றும் தெரியாது. அதனால்தான் திரும்பி வருவதைப் பகலில் வைத்தோம். காலையில் கொழும்பு கோட்டையில் புறப்படும் பொடி மெனிக்கே, உடரட மெனிக்கே இரண்டில் ஆசனம் கிடைப்பதில் வருவோம். கொழும்பில் துறைமுகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். 1883இலிருந்து நம் தேயிலை கொழும்பில் ஏலம் போகிறது. நாம் பறித்த கொழுந்து பெட்டியில் ஏறிக் கடலுக்குப் போகிற வாசலை, பறித்தவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கோச்சி ரம்புக்கனை தாண்டியதும் மூச்சு வாங்கத் தொடங்கும். கடுகண்ணாவை ஏற்றம் அது. 44 அடி போனால் ஓர் அடி உயரும். கம்பளை வந்ததும் பிள்ளைகள் கை தூக்கிச் சொல்ல வேண்டும், முதல் கோப்பித் தோட்டம் இந்த ஊருக்குப் பக்கத்தில் என்று. நாவலப்பிட்டிக்கு மேல் தேயிலை தொடங்கும். வட்டவளை, ஹட்டன். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம், அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளம். இந்தப் பாதையில் அதுதான் நீளமான சுரங்கம். தலவாக்கலைக்குக் கிட்ட சென்கிளேயர் நீர்வீழ்ச்சி தெரியும். பிறகு நானுஓயா, அம்பேவளை, பட்டிப்பொல. பட்டிப்பொல ஸ்டேசன் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரம், இந்த நாட்டிலேயே உயரமான ஸ்டேசன். அதைத் தாண்டி ஒரு சுரங்கம். உள்ளே போகும்போது மத்திய மாகாணம், வெளியே வரும்போது ஊவா. பல நாள் அந்தப் பக்கம் மழையும் இந்தப் பக்கம் வெயிலுமாக இருக்கும். ஏன் என்று விஞ்ஞான பாடத்தில் பருவக்காற்றைப் பற்றிப் படித்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

பிறகு ஒஹிய, இதல்கஸ்ஹின்ன. இதல்கஸ்ஹின்னயில் பாதை மலை முகட்டில் போகும், இரண்டு பக்கமும் பள்ளம். வலது பக்கம் எட்டிப் பார்த்தால் நம் ஹல்துமுல்லப் பக்கம் கீழே விரிந்து கிடக்கும். பனி இல்லாவிட்டால் நம் மலைகளும் தெரியும். தினமும் கீழிருந்து கோச்சியைப் பார்க்கும் நாம், அன்றைக்குக் கோச்சியிலிருந்து நம் இடத்தைப் பார்ப்போம்.

தெமோதரையில் கோச்சி தான் வந்த பாதைக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போவதையும், இரும்பில்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாகக் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தையும் கேட்டு அழுத பிள்ளைகளுக்கு: அது ஹப்புத்தளைக்கு அப்பால். அதற்குத் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடமாகப் போவோம்.

இனிச் செய்ய வேண்டியவை

போயா லீவு திங்கட்கிழமை வரும் கிழமையைத் தெரிந்தெடுத்திருக்கிறோம். சனிக்கிழமை பேர் போட்டு, இரவு ஏறலாம். ஞாயிறு கொழும்பு. திங்கள் திரும்பி வந்து, செவ்வாய் பெரட்டுக்கு நிற்கலாம். யாருடைய பேரும் உடையாது.

ஆசனப் பதிவு ஒரு மாதத்திற்கு முன்பே திறக்கும். ஆகவே போகிற பெரியவர்கள் எல்லோரும் இந்தக் கிழமைக்குள் அடையாள அட்டை இலக்கத்தை மாதர் தலைவியிடம் கொடுங்கள். அட்டை தொலைந்தவர்கள், பெயர் பிழையாக விழுந்தவர்கள் எங்களிடம் வாருங்கள், கிராம அலுவலரிடம் போக வேண்டிய கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம். ஸ்டேசனில் தமிழில் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தயங்காமல், மரியாதையாக, தமிழில் கேளுங்கள்.

ஆளுக்கொரு கம்பளி, ஒரு தண்ணீர்ப் போத்தல், இரவுக்கு ரொட்டியும் சம்பலும். பிரெஷர், சீனி வருத்தக்காரர்கள் மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பையின் அடியில் போடாதீர்கள். குப்பையை ஜன்னலால் எறியக் கூடாது. அந்தப் பக்கமும் யாரோ ஒரு தொழிலாளிதான் கூட்டுகிறார்.

சீட்டில் சேராதவர்கள் மனம் வருந்த வேண்டாம். அடுத்த சீட்டு அடுத்த மாதம் தொடங்குகிறது. இம்முறை இரண்டு படுக்கை, அடுத்த முறை நாலாக்கப் பார்ப்போம். அதற்கு அடுத்த முறை, மூன்றாம் வகுப்பிலும் எல்லோரும் கால் நீட்டிப் போகிற மாதிரிப் பெட்டி வேண்டும் என்று சங்கத்தின் கோரிக்கைப் பத்திரத்திலேயே எழுதுவோம்.

கேள்வி இருப்பவர்கள் இப்போதே கேளுங்கள். தேத்தண்ணி வந்துவிட்டது, குடித்துக்கொண்டே பேசலாம்.